நேர்ந்துவிட்ட சேவல்

நான் கர்த்தருக்கென்று நேர்ந்துவிட்ட சேவலை என் ஓரகத்தி அடித்துக் குழம்பு வைத்தாள். அது ஓர் அநியாயம். அந்தக் குழம்பில் ஒரு கிண்ணம் எனக்கும் கொடுத்தனுப்பினாள், அது இன்னோர் அநியாயம். இன்ன சேவல் என்று தெரியாமல் நான் அதை வழித்து வழித்துச் சாப்பிட்டேன் பாருங்கள், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. ஒன்றில் என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். இன்னொன்றில் நானும் கணவரும் எங்கள் நான்கு வயது மகளும். பின்பக்கத் தோட்டம் பொது, கிணறு பொது, துவைக்கிற கல்லும் பொது. ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குக் குழந்தை இல்லை. என் மகள் கண் விழித்ததும் பல்கூடத் துலக்காமல் தோட்டத்து வழியாக "பெரியம்மா" என்று ஓடிவிடுவாள். குளியல் அங்கே, இட்லி அங்கே, மதியத் தூக்கமும் அக்கா மடியில். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் மகளுக்கு டைபாய்டு வந்தது. அக்காவும் நானும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை பிழைத்து வந்தால் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு சேவல் கொடுக்கிறேன் என்று அங்கேதான் நேர்ந்துகொண்டேன். பொங்கல் கழித்து எங்கள் சபையில் அந்தப் பண்டிகை வரும். நெல், வேர்க்கடலை, பூசணிக்காய், கோழி என்று அவரவர் வீட்டில் விளைந்ததையும் வளர்ந்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் ஏலம் விடுவார்கள். மகள் பிழைத்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தம்பி ஒரு சேவலைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினான். சிவப்பும் கறுப்புமாக, கலெக்டர் மாதிரி நடக்கிற சேவல். மகள் தன் கையாலேயே அதற்குக் கம்பு போட்டு வளர்த்தாள்.

அதற்குள் கார்த்திகை தீபம் வந்தது. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் மலைக்குக் கற்பூரம் ஏற்றுகிறவர்கள், பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள். தீபத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் தங்குமிடம் எங்கள் இரண்டு வீடுகள்தான். மறுநாள் காலை நான் மகளை டாக்டரிடம் காட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அக்கா வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்திருந்தது. பசி வேறு. சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மகள் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து சேவலைக் காணோம் என்றாள்.

நான் போட்ட சத்தத்தில் தீபத்துக்கு வந்த கூட்டம் முழுவதும் தோட்டத்தில் கூடிவிட்டது.

"வாங்கி வெச்சிருந்த கோழி அவுத்துகினு எங்கேயோ பூட்சி," என்றாள் அக்கா. "அவசரத்துக்கு இத அடிச்சேன். வேற சேவல் வாங்கித் தரேன்னு சொல்றேன் இல்ல?"

"கர்த்தருக்கு நேர்ந்ததுக்கு ஈடு வேற இருக்குதாக்கா?"

"இப்ப பேசு. நீயும்தானே சாப்ட?"

இந்த ஒரு கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. மற்றதையெல்லாம்கூட மறந்திருப்பேன். விருந்தாளிகளில் யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு வாயை மூடியவள்தான், அக்காவோடு பேசவேயில்லை. அக்கா வேறொரு சேவலை வாங்கி அனுப்பினாள். நான் அதைக் கணவர் கையிலேயே திருப்பி அனுப்பினேன். ஆள் வைத்துத் தோட்டத்தின் குறுக்கே தென்னோலைத் தட்டி ஒன்றைக் கட்டினேன். மகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அக்காவுக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

குழந்தை சில நாள் தட்டிக்குப் பக்கத்தில் நின்று ஓலையோடு பேசிக்கொண்டிருந்தாள். மறுபக்கத்திலிருந்து பதில் வராது. ஆனால் வளையல் சத்தம் கேட்கும். அப்போதெல்லாம் தட்டியைப் பிரித்துவிடலாமா என்று தோன்றும். உடனே அந்தக் கிண்ணத்தை நினைத்துக்கொள்வேன், சரியாகிவிடும்.

வீட்டில் தட்டி கட்டலாம், சர்ச்சில் முடியுமா? அக்காவும் அதே சபைதான். எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் பாயில் உட்காருவோம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். அதற்கு முன் போதகர் பீடத்திலிருந்து சமாதானம் கொடுப்பார். முதல் ஆளின் கையை அவர் தன் இரண்டு கைகளாலும் பற்றுவார், அந்த ஆள் அடுத்தவர் கையை, அவர் அதற்கடுத்தவர் கையை என்று சமாதானம் பாய் பாயாகக் கடைசி வரை போகும். சண்டைக்குப் பிறகு வந்த முதல் திருவிருந்தில் நானும் அக்காவும் பழக்கதோஷத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம். சமாதானம் என் கைக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. நான் மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்தேன், அக்கா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். பின்வரிசைக்காரர்கள் இன்னும் வரவில்லையே என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் முன்பாயிலிருந்த ஒரு அம்மா எங்கள் இருவரையும் தாண்டிக் கையை நீட்டிச் சமாதானத்தை அந்தப் பக்கம் கடத்திவிட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து அக்கா கடைசிப் பாய்க்கு, வாசலோரமாகப் போய்விட்டாள். எனக்கு வெற்றிதான். ஆனாலும் கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய அந்த வரி வரும்போது எனக்கு மட்டும் தவறாமல் தொண்டை கரகரக்கும். இருமி முடிப்பதற்குள் வரி போய்விடும். கர்த்தருக்கு இந்த மாதிரித் தந்திரமெல்லாம் தெரியாது என்று நினைத்தேனோ என்னவோ.

இப்படியே ஆடி மாதம் வந்தது. காற்றும் புழுதியும் சேர்ந்து என் கணவருக்குத் தீராத இருமல். சனிக்கிழமை முழுக்கச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதோடை எல்லாம் தட்டிப் போட்டுக் கஷாயம் கொதிக்கவைத்து ஒரு ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றினேன். அதே மாதிரி இன்னொரு ஸ்குவாஷ் பாட்டில் அலமாரியில் இருந்தது. அதில் மறுநாள் திருவிருந்துக்கான திராட்சரசம். சபைக்குத் திராட்சரசம் காய்ச்சிக் கொடுப்பது என் பொறுப்பு. கறுப்புத் திராட்சையைச் சர்க்கரையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சி வடிகட்டுவேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஞாயிறு காலை ஒரே ஓட்டம். ஒரு பாட்டிலை வெள்ளைத் துணியில் சுற்றி சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற பெரியவரிடம் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். அவர் மூக்குப்பொடி போடுகிறவர், எந்த வாசனையும் அவருக்கு எட்டாது. இங்கே என் கணவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இன்னிக்குக் கஷாயம் சூப்பரா கீது, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். முந்தின நாள் வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த மனுஷன் கேட்டு வாங்கிக் குடிக்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது டம்ளரும் ஊற்றினேன். அப்போதாவது என் மூளை விழித்திருக்க வேண்டாமா?

ஆராதனை நன்றாகவே போயிற்று. சமாதானம் என்னைத் தாண்டி, எங்கேயோ பின்னால் கடைசிப் பாய் வரை போய்ச் சேர்ந்தது. போதகர் புதிதாக வந்த இளைஞர். எங்கள் முறைப்படி அவர்தான் முதலில் பாத்திரத்திலிருந்து குடிக்க வேண்டும். குடித்தார். கண் கலங்கியது. காது சிவந்தது. "ஐயா உருகிட்டாரு" என்று பக்கத்து அம்மா தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வந்தது பாருங்கள் ஓர் இருமல், சர்ச்சே அதிர்ந்தது.

நான் ஆண்கள் பக்கம் திரும்பினேன். என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மெல்லத் தன் வயிற்றின் மேல் போனது.

போதகர் பாத்திரத்தை வெள்ளைத் துணியால் மூடினார். "ஒரு கீர்த்தனை பாடுவோம், எல்லாச் சரணங்களையும் பாடுங்க" என்றார். வழக்கமாக மூன்று சரணத்தோடு நிறுத்துகிற பாட்டு அது. அதன் முடிவை எங்கள் சபையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பாட்டு நீண்டுகொண்டே போனது. நான் தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டேன். ஆண்டவரே, என்னை இந்தப் பாயோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினேன். எட்டு மாதமாகச் சேவல் சேவல் என்று குதித்தவள் நான். கர்த்தருடைய பொருளில் கை வைத்துவிட்டாள் என்று ஒருத்தியை ஒதுக்கிவைத்தவள், இன்றைக்குக் கர்த்தருடைய பந்தியிலேயே சுக்குக் கஷாயத்தை வைத்திருந்தேன்.

கடைசிச் சரணத்தில் பாத்திரம் உரசுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். போதகர் வேறு பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கையிருப்பு வைத்திருந்தார் போல என்று நினைத்துக்கொண்டேன். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து போனார்கள். பக்கத்து அம்மா தள்ளியதால் நானும் போய் முழங்கால் போட்டேன். போதகர் என்னிடம் வந்தபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போகவில்லை. அப்படியே நின்றார். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். ரசத்தில் தண்ணீர் கலந்திருந்தது, ஆனாலும் கிராம்பு வாசனை தெரிந்தது. எனக்கு இது கிடைக்க எந்த நியாயமும் இல்லை என்பது அந்த ஒரு வாய்க்குள் எனக்கு நன்றாக விளங்கியது. அழுகையும் வந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் ஓடினேன். "ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. புத்தி கெட்டுப்போய்..."

"மன்னிக்கிறது இருக்கட்டும்மா, எனக்கு ஒரு வாரமா நெஞ்சுல சளி. இப்ப சுத்தமா இல்ல. என்னென்ன போட்டீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"வேற பாட்டில் ஏதுங்கய்யா?"

"அதை மட்டும் கேக்காதீங்க. சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

வீட்டுக்கு வந்து, எப்போதும் தாழ் போடாமல் சாத்திவைக்கிற சமையலறைப் பின்கதவைத் திறந்தேன். தோட்டத்தில் ஓலைத் தட்டி குப்புற விழுந்து கிடந்தது. என் சமையலறைப் படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. நீல வார், அதில் ஊக்கு குத்தியிருந்தது. அக்காவின் செருப்பு. உள்ளே அலமாரியில் மிச்சத் திராட்சரசம் இருந்த பாட்டில் இல்லை.

அத்தனை அவசரத்திலும் அவள் என் சமையலறைக்குள் செருப்போடு நுழையவில்லை. திரும்பி ஓடும்போது அதைப் போட்டுக்கொள்ள மறந்திருக்கிறாள். அந்த வெயிலில், கொதிக்கிற தெருவில், வெறுங்காலோடு பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு சர்ச்சுவரை ஓடி, பீடத்துக்குப் பின்னாலிருக்கிற கதவு வழியாகப் போதகரிடம் கொடுத்திருக்கிறாள். நான் அவளைத் துரத்தி வாசலோரத்தில் உட்காரவைத்ததால், அவள் எழுந்து போனதை யாருமே கவனிக்கவில்லை.

செருப்பை எடுத்துக்கொண்டு விழுந்த தட்டியின் மேலேயே நடந்து போனேன். அக்கா தன் பின்வாசலில் உட்கார்ந்து, ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றிக் கால்களை வைத்திருந்தாள்.

"அக்கா, செருப்ப விட்டுட்டு வந்துட்டீங்க."

"அங்க வை," என்றாள், நிமிராமல்.

"எப்பிடித் தெரிஞ்சுது?"

"நேத்து முழுக்கச் சுக்கு வாசன சுவரத் தாண்டி வந்துச்சு. ஐயா மூஞ்சப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. கொழுந்தனாரு முக்காவாசி காலி பண்ணிட்டாரு, அதான் ஐயா தண்ணி ஊத்த வேண்டியதாப் போச்சு."

"நான் உங்ககிட்ட பேசக்கூட இல்லியேக்கா. ஏன் ஓடினீங்க?"

"நீ பேசலன்னா இன்னா? அத்தினி பேர் முன்னாடி நீ தலகுனிஞ்சு குந்தினிருந்தா நான் பாத்துகினு இருப்பேனா?" என்றாள் கோபமாக. பிறகு காலைத் தண்ணீரில் அளைந்துகொண்டே இருந்தாள். "ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு என் கோழி ஒண்ணும் அவுத்துகினு போகல. நான் வாங்கவே இல்ல. எங்க வூட்டுக்காரரு கையில காசு இல்ல. விருந்தாளிங்க முன்னாடி மானம் போவுமேன்னு, பாப்பாவுக்கு நேர்ந்ததுன்னு தெரிஞ்சேதான் அடிச்சேன்" என்றாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நான் கிணற்றடியே அதிரக் கத்தியிருப்பேன். இப்போதும் கோபம் ஒரு கணம் வந்து எட்டிப் பார்த்தது. ஆனால் என் நாக்கில் அந்தக் கிராம்பு வாசனை இன்னும் இருந்தது. பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பாதம் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. அவளுடைய கையை எடுத்து என் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டேன், சர்ச்சில் கொடுப்பது போலவே.

"குழம்பு ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா," என்றேன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டு என் மகள் வந்து தட்டி இருந்த இடத்தில் நின்றாள். போகலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி முடிப்பதற்குள் பேசின் கவிழ்ந்தது, அவள் பெரியம்மாவின் மடியில் இருந்தாள்.

தட்டியை யாரும் எடுத்து நிறுத்தவில்லை. மறுநாள் காலை அக்கா அதைப் பிய்த்துத் தன் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தாள். அந்த வெந்நீரில்தான் என் மகளைக் குளிப்பாட்டினாள்.