பக்கத்து வீட்டு டி.வி.யில் ஒரு வாள்வீரன்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி கமலா திரும்பி வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம ஆளு செத்துட்டாருங்க."

பிளேடு தாடையில் இறங்கிவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து கமலாவின் அகராதியில் 'நம்ம ஆளு' என்றால் அது நான்தான். பால்காரரிடம், காய்கறிக்காரம்மாவிடம், பாப்பாரப்பட்டியில் இருக்கும் அவள் அக்காவிடம் - 'நம்ம ஆளு ஆபீஸ் போயிட்டாரு', 'நம்ம ஆளுக்குக் கத்திரிக்கா ஆகாது.' அந்த நம்ம ஆளு இதோ ரத்தம் சொட்ட உயிரோடு நிற்கிறேன். அப்படியானால் செத்தது யார்?

"பாலத்துல இருந்து விழுந்துட்டாரு. எல்லாம் போச்சு. மறுபடி மொதல்ல இருந்து வரணும்."

சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டாள். என் தாடையை அவள் பார்க்கவே இல்லை!

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு மும்தாஜ் அம்மாவின் தம்பி ஜாபர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போன முறை லீவில் வந்தபோது டி.வி.யோடு இணைத்து விளையாடும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வீடியோ கேம். கேசட்டைச் செருகினால் திரையில் பொம்மை மனிதர்கள் ஓடுவார்கள், குதிப்பார்கள், சண்டை போடுவார்கள். மும்தாஜ் அம்மாவின் பெண்கள் ஒரு மாதம் விளையாடிவிட்டுச் சலித்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்கப் போன கமலாவுக்குத்தான் அது பிடித்துக்கொண்டது.

அந்த லீவிலேயே ஜாபர் ஒரு விளம்பரப் படத்தைக் காட்டியிருக்கிறார். சிவப்பு நிலா, மலை உச்சி, அதில் வாளோடு ஒரு வீரன். "இது வரப்போவுதுக்கா. வந்ததும் உங்களுக்குன்னே வாங்கிட்டு வர்றேன்" என்று கமலாவிடம் வாக்கு வேறு.

அது வந்ததா? வரவில்லை. இதோ அடுத்த மாதம் என்பார்களாம். அப்புறம் தீபாவளிக்கு என்பார்களாம். செய்கிற கம்பெனியிலேயே ஏதோ தகராறாம். கமலா மதில் மேல் தலையை நீட்டி, "வந்துச்சுங்களாக்கா?" என்று கேட்பதும், மும்தாஜ் அம்மா உதட்டைப் பிதுக்குவதும் வருஷக் கணக்கில் நடந்தது. நான் கேஸ் சிலிண்டரைப் பற்றிக் கேட்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் அவ்வளவு நாள் காத்திருந்து கேட்கிற பொருள் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

ஒருவழியாக இந்த லீவில் ஜாபர் அதைக் கொண்டுவந்தார். கொடுக்கும்போதே அவர் முகம் சரியில்லை.

"கேட்டீங்களேன்னு வாங்கியாந்தேங்க்கா. அங்க எல்லாரும் இதைக் காறித் துப்புறாங்க. வெளையாடிப் பார்த்துட்டு என்னைத் திட்டக்கூடாது."

கமலா திட்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாம்பாருக்கு உப்பு ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் குறைச்சல். மதிய நேரமெல்லாம் அவள் பக்கத்து வீட்டில். சாயங்காலம் வந்து வாய் ஓயாமல் அந்த வாள்வீரனைப் பற்றியே பேச்சு... "இன்னிக்கு நெருப்புக் கொளத்தைத் தாண்டிட்டாரு." "மொட்டைப் பூதம் அவரை அடிச்சே போட்டுச்சுங்க." அவரு, தாண்டிட்டாரு - மரியாதையைப் பார்த்தீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை அந்த 'அவரு' முதன்முதலாக 'நம்ம ஆளு'வும் ஆகிவிட்டார். ஒரு தீப்பெட்டி உயரம்கூட இல்லாத பயல்!

நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அவன் முகத்தில் கண், மூக்கு எதுவும் கிடையாது. இரண்டு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் கமலாவின் முகம்? பெண் பார்க்கப் போன அன்று பார்த்த முகம். எனக்கு வயிறு எரிந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எரிந்தது.

ஜாபரிடம் ஒரு ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. இந்த மாதிரி விளையாட்டுகளுக்கென்றே நடத்துகிறார்களாம். அதில் நம் வீரனுக்கும் ஒரு விமர்சனம். இரவல் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். கமலா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் நாற்காலியைப் போட்டு, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். பொத்தானை அமுக்கினால் வீரன் உடனே குதிப்பதில்லை, ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறான். எதிரிகள் எல்லாரும் ஒரே அச்சு. பாட்டு திரும்பத் திரும்ப ஒரே பாட்டு. இத்தனை வருஷம் காக்க வைத்தது இதற்குத்தானா?

எழுதியவன் கெட்டிக்காரன். ஒவ்வொரு வரியும் ஊசி. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கமலா முழுவதையும் கேட்டாள். "எல்லாம் சரிதாங்க" என்றாள். "ஒண்ணை விட்டுட்டாரு. கோட்டைக்குள்ள ஒரு வவ்வால் செவுத்துல மாட்டிக்கிட்டு அப்படியே நிக்கும். அதையும் எழுதியிருக்கலாம்."

"அப்புறம் எதுக்கு அதையே கட்டிக்கிட்டு அழறே?"

"புடிச்சிருக்குதுங்க."

அவ்வளவுதான். அவரைக்காயில் அடுத்த நாரை உரிக்கப் போய்விட்டாள்.

அன்று இரவு அந்த விமர்சனத்தை மறுபடி ஒரு முறை படித்தேன். இப்போது என் பொறாமை அந்தப் புள்ளி வைத்த பயல் மீது இல்லை. அவனைச் செய்தவன் மீது. யாரோ ஒருவன், கடல் கடந்து எங்கோ உட்கார்ந்து, வருஷக் கணக்கில் இழுத்தடித்து ஒன்றைச் செய்கிறான். ஊரே துப்புகிறது. அவனும் மனம் உடைந்துதான் போயிருப்பான். ஆனால் இங்கே தருமபுரியில் அவனுக்கு ஒரு ரசிகை இருக்கிறாள். குறை ஒன்று விடாமல் தெரிந்துவைத்துக்கொண்டு, பிடித்திருக்கிறது என்கிறாள்! வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதுகிறேனே... எனக்கு அப்படி ஒருத்தர் உண்டா? உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் வேறு. நான் சொல்வது என் வீட்டில்.

வியாழக்கிழமையோடு ஜாபரின் லீவு முடிந்தது. விளையாட்டுப் பெட்டியையும் கேசட்டையும் போகிற வழியில் பெங்களூரில் ஒரு நண்பருக்குக் கொடுப்பதாகப் பேச்சு; கமலாவுக்கு லீவு முடியும் வரைதான். அன்று நான் ஆபீஸ் விட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. காபி ஆசையோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஜாபரின் காலடியில் பெட்டி படுக்கை. கமலா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டி.வி. முன்னால். நம்ம ஆளு கடைசிப் பாலத்தில் நிற்கிறார். அதுதான் ஞாயிற்றுக்கிழமை அவர் விழுந்த இடம்.

கமலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், கரண்ட் போய்விட்டது.

"அய்யோ!" என்று அலறியது யார் என்கிறீர்கள்? நான்தான்.

கரண்ட் திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது ஜாபர் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். கமலா விளையாட்டுப் பெட்டியின் வயரைச் சுற்றி வைக்க ஆரம்பித்தாள். இன்னொரு தடவை ஆடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கையைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. 'கொஞ்ச நேரம் இருங்களேன்' என்று ஜாபரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். மும்தாஜ் அம்மா முந்திக்கொண்டார்.

"டேய், பெங்களூருக்கு பஸ்ஸா இல்ல? அடுத்ததுல போவியாம். கமலா, நீ உக்காந்து ஆடு."

ஜாபர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். "ஆடுங்கக்கா."

முதலிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்தில் நான். நெருப்புக் குளம், மொட்டைப் பூதம், சுவரில் மாட்டிக்கொண்ட வவ்வால் என்று எல்லாம் வந்தது, போனது. பாலம் வந்தது. விளிம்பு இன்னும் தள்ளி இருக்கும்போதே அவள் பொத்தானை அமுக்கிவிட்டாள். நான் பதறினேன். "அவசரப்பட்டுட்டியே!"

வீரன் ஒரு நொடி யோசித்தான். சரியாக விளிம்பில் எழும்பினான். தாண்டிவிட்டான்.

"அவரு லேட்டாத்தான் குதிப்பாருங்க. நாம முன்னாடியே சொல்லி வெச்சுடணும்."

"இதை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"உங்ககூடக் குடித்தனம் பண்றேனில்ல? கொழா ஒழுகுதுன்னு பொங்கலுக்குச் சொன்னா, ஆடியிலதானே ஆளைக் கூட்டியாறீங்க."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசிக் காட்சியில் வீரன் மலை உச்சிக்குப் போனான். வாளைத் தரையில் வைத்தான். ஒரு பாறையில் உட்கார்ந்தான். முடிந்தது. ஒரு வாழ்த்து இல்லை, வாண வேடிக்கை இல்லை.

"இவ்ளோதானா? தெரியாமலா திட்டுனாங்க" என்றார் ஜாபர்.

கமலா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்... இப்பத்தான் உக்கார்றாரு."

ஜாபர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பெட்டியும் கேசட்டும் அவரோடு போயின. வீட்டுக் கதவைத் திறக்கும்போது கமலாவிடம் கேட்டே விட்டேன். "என் எழுத்தைப் படிச்சு என்னிக்காவது இப்படிக் கண்ணு கலங்கியிருக்கியா?"

நேர்மையானவள். நின்று யோசித்தாள்.

"ஒரு தடவ கலங்குச்சுங்க. ஆனா அப்ப வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன்."

நேற்று இந்தப் பத்தியை எழுதி முடித்து மேஜையில் வைத்திருந்தேன். கமலா எடுத்துப் படித்தாள். வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசைய. என் மனம் எப்படிக் குதித்தது என்கிறீர்கள்! படித்து முடித்ததும் ஒரு பாராவைக் காட்டினாள். அந்த விளையாட்டை நான் என் பங்குக்கு நன்றாகக் கிழித்திருந்த பாரா. எனக்கு மிகவும் பிடித்த பாராவும் அதுதான்.

"இதை எடுத்துடுங்க. செஞ்சவரு பார்த்தா மனசு நோகும்."

எடுத்துவிட்டேன். இந்த வாரம் பத்தி கொஞ்சம் குட்டையாகப் போனதற்குக் காரணம் அதுதான்.