ரசமட்டத்தின் கறுப்பு வெள்ளைச் சுவர்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையில் தேடினால் கிடைக்கும். மற்றபடி தெரு முழுவதற்கும் அவர் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் நீர்க்குமிழி ஓடும் ஒரு கட்டையை டைல்ஸ் போடுகிறவர்கள் வைத்திருப்பார்கள். அதன் பெயர்தான் ரசமட்டம். மற்றவர்கள் வேலை முடிந்ததும் அதைப் பைக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கண்ணிலேயே மாட்டிக்கொண்டு போவார். உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைந்தால், சாய்ந்திருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். கல்யாண போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, மாப்பிள்ளை மட்டும் மேடைத் தரையை முறைத்துக்கொண்டிருப்பார். அந்தப் போட்டோவை மனைவி இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள்.

கொஞ்சம் கர்வம் பிடித்த ஆள்தான். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். அப்படிப்பட்ட கைக்குக் கொஞ்சம் கர்வம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவருக்கு ஆறாத சங்கதி ஒன்று இருந்தது. ஒரு பெரிய வீட்டில் குளியலறை வேலை. எந்த நிறம் வேண்டும் என்று வெளியூரில் இருந்த வீட்டுக்காரருக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தது. போனில் சிக்னல் இல்லை. வீட்டு அம்மாவிடம் வைஃபை பாஸ்வேர்டு கேட்டார். அந்த அம்மா யோசித்தார், உள்ளே போனார், வந்தார், சொன்னார். படம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் போன் ஒட்டவில்லை. ராத்திரியே பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை, திருடன் என்று சொல்லவும் இல்லை. அவரும் எதுவும் கேட்காமல் மொட்டை மாடிக்குப் போய் அடுத்த படத்தை அனுப்பினார். ஆனாலும் சுருக்கென்று தைத்துவிட்டது.

வெளியார் செய்தால் மறந்துவிடலாம். சகலை வீட்டிலும் அதே கதை. மனைவியின் அக்காவைக் கட்டியவர், காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். நல்ல மனிதர், விருந்தாளிக்குச் சோற்றில் குறை வைக்க மாட்டார். போதும் என்றால் கோபித்துக்கொள்வார். பாஸ்வேர்டு என்று வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். "குடு தம்பி, நானே போட்டுத் தரேன்" என்று போனை வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடது கையால் திரையை மூடிக்கொண்டு தட்டுவார். கிளம்புகிற நாளில் மறுபடியும் போனை வாங்கி அழித்துவிட்டுத்தான் கொடுப்பார். "எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்பார்.

ரசமட்டத்தின் வீடு இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே அமுங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் போன் சிக்னல் எட்டிப் பார்க்காது. மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும் வீட்டுக்கு நெட் லைன் இழுத்தார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் ரசமட்டம் ஒரு சட்டம் போட்டார்.

"நம்ம வீட்டுக்கு வர்றவங்க யாரும் இதைக் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது."

"அதுக்கு கியூஆர் கோடு இருக்குப்பா" என்றாள் மகள். "கடையில காசு கட்டுறதுக்கு வச்சிருப்பாங்கள்ல, அது மாதிரி. போனை நீட்டினா நெட் தானா பிடிச்சுக்கும். ஒரு பேப்பர்ல பிரின்ட் எடுத்து ஒட்டிடலாம்."

ரசமட்டம் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பேப்பரா? டைல்ஸ்காரன் வீட்ல போயி பேப்பரா?"

அதுவரை அந்த வீட்டில் ஒரு டைல்ஸ் கிடையாது. ஊருக்கெல்லாம் பளபளவென்று போட்டுக் கொடுத்தவர் வீட்டில் சிமென்ட் தரைதான். இப்போது வேலை இடங்களில் மிஞ்சி, கழித்துப்போட்ட கறுப்பு, வெள்ளைத் துண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்தார். சாயங்காலங்களில் முன்னறையில் உட்கார்ந்து கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதுரம் சதுரமாக அறுத்தார். வீடெல்லாம் தூசி. "நெட் வந்தா வீடு சுத்தமா இருக்கும், நீங்க போன்ல உட்கார்ந்திருப்பீங்கன்னு நினைச்சேன்" என்று மனைவி துடைப்பத்தோடு அலைந்தாள். ஒரு கட்டம் மாறினாலும் கெட்டுவிடும் என்று மகள் பயமுறுத்தி வைத்திருந்ததால், பிரின்ட்டைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒட்டினார். முடிந்தபோது ஆள் மார்பளவு அகலத்துக்குச் சுவரில் ஒரு சதுரம். ஒரு இணைப்புகூடக் கோணவில்லை.

மகள் போனை நீட்டினாள். பிடிக்கவில்லை. கிட்டே போனாள், தள்ளி வந்தாள், விளக்கைப் போட்டாள். ம்ஹூம். மனைவி வாயைத் திறக்காமல் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள்.

தப்பு எங்கே என்று மகள்தான் கண்டுபிடித்தாள். வேலையை பார்டர் இல்லாமல் முடித்த பழக்கம் ரசமட்டத்துக்குக் கிடையாது. அதனால் சதுரத்தைச் சுற்றி, ஒட்டினாற்போல், அழகாக ஒரு கறுப்பு பார்டர் கட்டியிருந்தார். கியூஆர் கட்டங்கள் எங்கே முடிகின்றன, பார்டர் எங்கே தொடங்குகிறது என்று போனுக்குத் தெரியவில்லை. "சுத்தி வெள்ளையா இடம் விடணும்பா."

"பார்டர் இல்லாம எப்படிம்மா விடுறது? அரைகுறையா நிக்குதேன்னு பார்க்கிறவன் சிரிப்பான்."

"போன் சிரிக்காதுப்பா."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் தானே உளியை எடுத்துத் தன் பார்டரைத் தானே பெயர்த்தார். பிள்ளையின் தலைமுடியை இறக்குவதுபோல அத்தனை மெதுவாக. அந்த இடத்தில் வெள்ளை வைத்தார். மகள் வாசலில் இருந்தே போனை நீட்டினாள், டக்கென்று பிடித்தது. அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சிலிண்டர் போட வந்தவர், மீட்டர் பார்க்க வந்தவர், பக்கத்து வீட்டுக்கு வழி கேட்டவர் எல்லோருக்கும் உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்து, போனை நீட்ட வைத்தார்.

இந்த நிலையில்தான் சகலை வந்தார்.

மனைவியின் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி இவர்கள் வீட்டுக்குப் பக்கம். ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் மூடியோடு அக்காவும், பெட்டியும் கம்ப்யூட்டர் பையுமாகச் சகலையும் வந்து இறங்கினார்கள். அக்காவின் மகள் கடல் தாண்டிய தேசத்தில் நிறைமாதம். எந்த நேரமும் சேதி வரலாம். அக்காவுக்குப் போன் திரையில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பேரப்பிள்ளை முகத்தைப் பெரிதாகக் காட்டலாம் என்றுதான் சகலை கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

ரசமட்டம் ஒரு வாரமாகக் காத்திருந்த தருணம் இது. சகலை சுவரைப் பார்ப்பார், என்ன தம்பி இது என்று கேட்பார், அப்போது அலட்சியமாக ஒரு பதில் சொல்லலாம் என்று அதையும் யோசித்து வைத்திருந்தார். சகலையோ நேராக வந்து, அந்தச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு, சரியாக அந்தக் கியூஆர் கட்டங்களின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

ரசமட்டம் இருமிப் பார்த்தார். டைல்ஸ் விலை பற்றிப் பேசிப் பார்த்தார். சகலை அசையவில்லை. போனை எடுப்பார், பார்ப்பார், பச்சை விளக்கு எரியும் பெட்டியையும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு எழுந்து தெருமுனை வரை நடந்து, சிக்னல் பிடித்து, சேதி உண்டா என்று பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் அந்தக் கட்டங்களின் மேலேயே சாய்ந்துகொள்வார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? திரையை மூடிய கை அல்லவா அது.

அது ரசமட்டத்துக்கும் புரிந்தது. புரிந்ததும், வெட்கமில்லாமல் சொல்வதானால், இனித்தது. அன்று முழுவதும் இனித்தது.

மறுநாள் மாலை சகலை தெருமுனையிலிருந்து ஏறக்குறைய ஓடியே வந்தார். "பொறந்துருச்சு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம். கொஞ்ச நேரத்துல வீடியோல வரேன்னா. அப்புறம் நர்ஸ் வந்து குழந்தையை எடுத்துட்டுப் போயிருவாங்களாம்." அக்கா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். மூடாத கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "எனக்குக் காட்டுங்க" என்றாள்.

சகலை கம்ப்யூட்டரைத் திறந்தார். திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு எழுந்தார். "இவளைக் கையைப் பிடிச்சு தெருமுனைக்குக் கூட்டிட்டுப் போயிரலாம். போன்லயே தெரியிற அளவு தெரியட்டும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மனைவி சமையலறை வாசலில் நின்று கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "கேக்காம கிடைக்கணும்னு சட்டம் போட்டீங்களே. நீங்க சொல்லாம எப்படிக் கிடைக்கும்?"

ரசமட்டத்துக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது. கண் ஆபரேஷன் ஆன பெண்ணைத் தெருவில் நிறுத்தி ஜெயிக்கிற ஜெயம் என்ன ஜெயம்? சட்டென்று எழுந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நாற்காலியை நகர்த்துங்க. போனை எடுத்து சுவத்துக்கு நேரா நீட்டுங்க."

சகலை திரும்பினார். ஒருநாள் முழுக்க முதுகுக்கு மெத்தையாக இருந்ததை முதல்முறையாகப் பார்த்தார். போனை நீட்டினார். பிடித்துக்கொண்டது. அவர் சுவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

போன் சரி, கம்ப்யூட்டர்? அதைத் தூக்கிச் சுவருக்குக் காட்டினால் அது பேசாமல் இருந்தது. பாஸ்வேர்டு எழுத்து என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வைத்தவள் மகள், அவள் தேர்வு அறையில் இருந்தாள். இத்தனை நாள் யாருக்கும் தேவைப்படவில்லையே. ரசமட்டத்துக்கு வியர்த்துவிட்டது. தான் போட்ட சுவர், தன் கண்ணெதிரே, தன்னாலேயே படிக்க முடியாததாக நின்றது.

"இரு தம்பி" என்றார் சகலை. "போன்ல ஏறிட்டா போதும். மத்தவங்களுக்குப் பகிர்ற இடத்துக்குப் போனா எழுத்தே தெரியும். அது தெரிஞ்சுதான் நான் எங்க வீட்டுக்கு வர்றவங்க போன்லேர்ந்தெல்லாம்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். காது சிவந்துவிட்டது. ரசமட்டம் கம்ப்யூட்டரைச் சரியாக வைப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சகலை போனைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "வாங்க... வாங்க." ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவுதானா? வாங்கவாங்க?"

"பிள்ளை வச்சது" என்றார் ரசமட்டம். அவருக்கே அப்போதுதான் தெரியும்.

சகலை ஒற்றை விரலால் அதைத் தட்டினார். கம்ப்யூட்டர் ஏறிய மறு நிமிடமே மணி அடித்தது. திரை நிறைய ஒரு சின்ன முகம். சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக, உலகத்தின் மேலேயே கோபமாக. அக்கா ஒற்றைக் கண்ணோடு குனிந்து, "மூக்கு அப்படியே எங்கம்மா மூக்கு" என்றாள். சகலை அழுதார். மறைக்கவில்லை.

"எங்கிருந்து பேசுறீங்க? இவ்வளவு தெளிவா இருக்கீங்க" என்றாள் பிள்ளை பெற்றவள், டேப்லெட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி.

"உங்க சித்தப்பா வீட்ல" என்றார் சகலை. "இரு, உனக்கு ஒண்ணு காட்டுறேன்." கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தூக்கிச் சுவருக்கு நேராகத் திருப்பினார். "பார்த்தியா? பெயின்ட் இல்லம்மா, பேப்பர் இல்ல. டைல்ஸ். ஒவ்வொரு துண்டும் உங்க சித்தப்பா கையால வச்சது. எங்க ஆபீஸ்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அங்கே பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளை விளையாட்டுக்குத் தன் போனை எடுத்து மனைவியின் டேப்லெட் திரைக்கு நேராக நீட்டினார்.

"மாமா," அவர் குரல் மாறியிருந்தது, "ரசமட்டம்னு ஒரு நெட் பேர் வருது. சேரலாமான்னு கேக்குது."

இங்கே ரசமட்டத்தின் மனைவி முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிமென்ட் தரையில் கால் அகட்டி நின்ற ரசமட்டம், தன் வாழ்நாளில் போட்ட அத்தனை மாளிகைத் தரைகளிலும் நின்றதைவிட நிமிர்ந்து நின்றார்.

"சேருங்க மாப்பிள்ளை" என்றார். "இப்ப பிடிக்காது, தூரம் ஜாஸ்தி. பிள்ளையைத் தூக்கிட்டு நம்ம வீட்டு வாசப்படி ஏறுங்க. அது உங்களைத் தெரிஞ்சுக்கும்."