மூத்தவளுக்கு ஒரு பனிக்காலப் புத்தகம்

மட்டக்களப்புப் புத்தகக் கடையில் நானும் அக்காவும் அவளுடைய நான்கு வயது மகனும் நின்றோம். அக்காவின் பன்னிரண்டு வயது மூத்த மகள் மட்டும் வரவில்லை. அக்கா குடும்பம் குடியேறப்போகும் கனடாவுக்கே வரமாட்டேன் என்று செட்டிபாளையத்து வீட்டில் படுத்துக் கிடந்தாள்.

பனிக்காலத்தில் போய் இறங்கப்போகும் பிள்ளைகளுக்குப் பயம் தெளியட்டும் என்று, இருவரின் வயதையும் கனடாப் பயணத்தையும் சொல்லிப் பனிக்காலப் புத்தகங்கள் கேட்டேன். கடைப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்; நெற்றியெல்லாம் வியர்வை. எந்தப் பிள்ளைப் புத்தகத்தையும் குழந்தைக் குரலில் ஒரு பக்கம் உரக்க வாசித்த பிறகுதான் கொடுப்பாள். பனிக்கரடிக் கதையை வாசித்தாள், சின்னவன் சிரித்தான். மூத்தவளுக்கோ, கையுறை, தொப்பி, சப்பாத்துப் படங்களின் கீழே ஆங்கிலப் பெயர்கள் போட்ட அட்டைப் புத்தகத்தை நீட்டினாள்.

"என்னகா இது? என்ட புள்ள வகுப்பில முதலாம் புள்ள. தொட்டில் புள்ளைக்குக் குடுக்கிறத நீட்டுறாய்!" என்றாள் அக்கா.

"ஓம் அக்கா. ஆனா அங்க போனா இங்கிலிசில அவதான் வகுப்பில சின்னப் புள்ள. தம்பிக்கு வாசிச்சுக் காட்டுற மாதிரி அவவும் படிச்சிருவா. அவ படிக்கிறது ஒருத்தருக்கும் விளங்காது."

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். அங்கே முதல் நாள் ஆங்கிலத்தில் பெயர் சொல்லவே திணறினேன். இருந்தும் எனக்குக் கோபம் வந்தது.

அக்கா அட்டைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். பிறகு, "சின்னவன்ட புத்தகத்தோட சேத்துக் கட்டுகா," என்றாள்.

அந்தப் பெண் சொன்னது அக்கறையா, இளக்காரமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு புத்தகமும் சேர்த்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.