ஹெட்செட்டைக் கழற்றியதும்

ஒரு பெண் தப்பித்துப் போக இருந்த வழியை நான் அடைத்தேன். பழியை அவளுடைய போன் மேல் போட்டேன். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்...

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. எழுதச் சிரமப்படும் எங்கள் ஆட்கள் குரலிலேயே சேதி அனுப்பிக்கொள்ள ஒரு செயலி செய்தேன். அதில் ஒரு குறை இருந்தது. ஹெட்செட்டைக் கழற்றினால் ஒலி நின்றுவிட வேண்டும். நிற்காது, ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். எனக்குத் தெரியும்! சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெடிமருந்து புழங்கும் இடம் என்பதால் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் வேன் வந்து நின்றதும் எல்லோரும் அவசர அவசரமாக ஹெட்செட்டைப் பிடுங்குவதைத் தினமும் பார்க்கிறவன் நான். தோன்றியிருக்க வேண்டாமா?

பேச்சியம்மாளும் ஒருநாள் அப்படித்தான் பிடுங்கினாள். திருப்பூரிலிருக்கும் அவள் தங்கையின் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"...வீடு பாத்துட்டேங்க்கா. அடி வாங்குனதெல்லாம் போதும். புள்ளையத் தூக்கிட்டு வந்துரு. ஒன் மாமியாளுக்குத் தெரிய வேணாம்."

மாமியார் பக்கத்து சீட்டில்தான் இருந்தாள்.

மறுநாள் பேச்சியம்மாள் வீங்கிய கன்னத்தோடு வந்து, வாசலுக்கு வெளியே இருக்கும் ஆபீசில் என் மேசை மேல் போனை வைத்தாள்.

"இது ஏன் சார் இப்பிடிக் கத்துச்சு? நான் எதையும் தப்பா அமுக்கிட்டேனா?"

குறை என் செயலியில்தான் என்று சொல்லியிருக்கலாம்... வேலை போய்விடும் என்ற பயமா? அந்தக் கன்னத்தைப் பார்த்த வெட்கமா? இன்றுவரை விளங்கவில்லை.

"போன் பழசாயிருச்சும்மா. மாத்திருங்க" என்றேன்.

அன்று மாலையே செயலியைச் சரிசெய்தேன். சில வரிகள்தான்! ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இந்த வேலைக்கா சீசன் முடியக் காத்திருந்தேன்?

தீபாவளி கழிந்து ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தினாள். கையில் புதுப் போன். எனக்குக் காட்டுவதற்காகவே ஹெட்செட்டைக் கழற்றினாள். சத்தம் நின்றது.

"நீங்க சொன்னீகளே, சரியாத்தான் இருக்கு சார். இது கத்தலை."

"எதுக்கும்மா இம்புட்டு வெலையில?"

"திருப்பூருக்குப் போக வச்சிருந்த காசு சார். இனி அது எதுக்கு?"

போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு மாமியார் பின்னால் உள்ளே நடந்தாள்.

"சரிம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்... இன்றும் தினமும் அவளை அந்த வாசலில்தான் பார்க்கிறேன்.