இடதுபக்கம் காட்டிய பலகை

சுற்றுலா பஸ் ஓட்டுகிறவர் என்றால் ஊர் உலகத்துக்கு ஒரு நினைப்பு உண்டு. கொடுத்துவைத்த மகராசன், சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு ஊரையும் சுற்றுகிறான் என்று. நம் டிரைவரைப் பற்றி அவர் மனைவிக்கும் இருபத்திரண்டு வருஷமாக அதே நினைப்புதான். கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

வாரத்துக்கு இரண்டு தடவை ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு அவர் அருவிக்குப் போவார். அப்படியே ஏரி, பழைய கோட்டை. அந்த அருவி காலண்டரில் வரும், பிஸ்கட் டப்பாவில் வரும். மனைவியின் தங்கை வீட்டில், குடும்பமே அருவிக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படத்தை, உள்ளே நுழைகிறவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருப்பார்கள். தையல் கடையில் நாளெல்லாம் குனிந்து பட்டன் வைக்கிற மனைவி வருஷா வருஷம் கேட்பாள்: "என்னங்க, இந்த லீவுலயாவது அருவிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்." அவரும் வருஷா வருஷம், "அந்தக் கூட்டத்துல மனுஷன் போவானா?" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இந்த வருஷம் அவள் விடவில்லை. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். டிரைவர் யோசித்துப் பார்த்து வேறோர் ஊரின் பெயரைச் சொன்னார். அருவிக்குப் போகிற வழியில் ஒரு கைகாட்டிப் பலகை, இடதுபக்கம் அம்பு போட்டு அந்த ஊரைக் காட்டும். அவர் ஒருநாளும் திரும்பியதில்லை, நேராகவே போயிருக்கிறார். ஒரு தடவையாவது ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். பின்னால் ஐம்பது பேர் அருவி அருவி என்று பறந்துகொண்டிருப்பார்களே, என்ன செய்வது?

"அங்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி.

"தெரியாது. அதான் போலாம்ங்கறேன்."

"சரி, வரேன். ஆனா மூணாம் நாள் மத்தியானத்துக்குள்ள, பார்க்கற மாதிரி ஒரே ஒரு விஷயமாவது அங்க இருக்கணும். இல்லேன்னா அன்னிக்கே வீட்டுக்குத் திரும்பிடணும். அப்புறம் நீங்க ரிடையர் ஆகற வரைக்கும் எல்லா லீவுக்கும் நான் சொல்ற இடம்தான்."

டிரைவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வருஷத்தில் கிடைக்கிற பத்து நாளும் ஹாரன் சத்தமும் பார்க்கிங் சண்டையுமாகப் போனால், மனுஷன் எப்போதுதான் மூச்சு விடுவது? ஆனாலும் தலையாட்டினார்.

அந்த ஊர் அவருக்கு அப்படியொன்றும் கைகொடுக்கவில்லை. லாட்ஜ் அறையில் ஜன்னல் கொக்கிக்குப் பதில் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். அதைப் பிரித்துத் திறந்தால் பஸ் நிலையத்தின் பின்பக்கம். முதல் நாள் கடைத்தெருவில் நடந்தார்கள். பூட்டுக் கடை, கயிற்றுக் கடை, மறுபடியும் பூட்டுக் கடை. அவள் உள்ளே நுழைந்து பார்க்க, அவர் பையோடு வாசலிலேயே நின்றார். "இத்தனை பூட்டு வாங்கி எதைத்தான் பூட்டறாங்க?" என்றாள். மணிக்கூண்டு நாலு பக்கமும் நாலு நேரம் காட்டியது. டிரைவர் அதை ஏதோ அதிசயம் மாதிரி சுட்டிக்காட்டினார். அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் பென்சில் தொழிற்சாலை இருக்கிற சந்துக்குப் போனார்கள். காற்றே மரவாசனையாக இருந்தது. நாலு மணிக்குச் சங்கு ஊதியதும் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள், தலையெல்லாம் மரத்தூள். மனைவி அதில் ஒருத்தியை நிறுத்தி, "இந்தக் காலர் யார் தைச்சது? நல்லா உக்காந்திருக்கே" என்று பேச்சுக் கொடுத்தாள். அரைமணி நேரம் சிரிப்பும் கும்மாளமும்தான். டிரைவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"எப்படி?" என்று கேட்டார்.

"பென்சிலை நான் கடையிலயே பார்த்திருக்கேன்" என்று நறுக்கென்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி. ஆற்றங்கரையில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் இருந்தது. மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். டிரைவருக்கு இதுதான் கடைசி நம்பிக்கை. அடியில் வந்து சேர்ந்ததும் மனைவியின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, நிழலாகப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் இங்க இருக்கேன்."

நாலு படி ஏறியவள் நின்றாள். மூன்று நாளாக அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். எந்த இடத்துக்குப் போனாலும் இந்த மனுஷன் வாசலைத் தாண்டுவதில்லை.

"ஏன், முட்டி வலியா?"

"அதெல்லாம் இல்ல. பையை யார் பார்த்துக்கறது?"

"இதுல என்ன புதையலா இருக்கு? ஒரு துண்டு, ஒரு சீப்பு!"

டிரைவர் பையைப் பார்த்தார். அவருக்கே அசடு வழிந்தது. "பழகிப்போச்சு. பஸ்ஸுல எல்லாரோட சாமானும் இருக்கும்ல. வண்டியை விட்டு டிரைவர் நகரக் கூடாதுன்னு கம்பெனியில கண்டிப்பு."

"அப்போ அருவியை எங்க இருந்து பார்ப்பீங்க?"

"அருவியை நான் எங்க பார்த்தேன்? பார்க்கிங்ல நின்னா சத்தம் கேக்கும். எல்லாரும் ஈரத்தோட வந்து ஏறுவாங்க, சீட்டைத் துடைப்பேன். ஏரி, கோட்டை எல்லாம் அதே கதைதான்." மழை பெய்தது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "ஏன், உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. தன்னை வீட்டில் விட்டுவிட்டு இவர் மட்டும் எல்லாவற்றையும் பார்த்து அனுபவிக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க பார்த்துப் பார்த்துச் சலிச்சுட்டீங்க, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள். அன்றைக்கும் அவர் மறுத்துப் பேசவில்லை. பாவி மனுஷன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

இறங்கி வந்து பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "முன்னால ஏறுங்க" என்றாள்.

மேலே போய்ச் சேர இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஆறு வளைந்து போவதும், தொழிற்சாலைக் கூரையும், மாடிகளில் காய்கிற துணிகளும் தெரிந்தன. டிரைவர் ஒரு குழந்தை மாதிரி நாலு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தார். அவள் ஊரைப் பாதி, அவரைப் பாதி பார்த்தாள்.

இறங்கும்போது மணி ஒன்றாகிவிட்டது. தொட்டிக் கோபுரம் கணக்கில் சேர்ந்ததா என்று கேட்க டிரைவருக்குத் தைரியம் வரவில்லை. லாட்ஜுக்கு வந்ததும் அவர் பாட்டுக்கு மாடிக்குப் போய், துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்து, சாவியோடு கீழே வந்தார். மனைவி அங்கே மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு நாளா? இந்த ஊர்லயா?" மேனேஜரால் நம்பவே முடியவில்லை. "கோர்ட்டு வேலை ஏதாவதுங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க, சுத்திக் காட்டத்தான்" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் இதுவரைக்கும் ஒரு ஊரும் பார்த்ததில்ல."