சைட் ஸ்கிரீனில் கட்டிய செவ்வந்தி

1. திரை என்று நினைத்தது

கிரிக்கெட் மைதானத்துக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள், என்னால் ஆட்டம் நின்றது.

பேட்ஸ்மேன் கையை உயர்த்தி ஒதுங்கி நிற்கிறான். ஓடிவந்த பவுலர் பாதியில் நிற்கிறான். அம்பயர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நேரே என்னைப் பார்த்து ஓடி வருகிறார். நான் ஏணியில் நின்று கடைசிச் செவ்வந்திச் சரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"யம்மா! எறங்குங்க கீழ! யாரு இதுல பூக்கட்டச் சொன்னா?"

"லீக் செயலாளர்தான் சார், செல்ஃபி எடுக்க ஒரு எடம் ரெடி பண்ணச் சொன்னாரு."

"இது சைட் ஸ்கிரீன்மா! பந்து வாரது பேட்ஸ்மேனுக்குத் தெரியணும்னு வெள்ளைத் துணி கட்டி வச்சிருக்கு. இதுல ஜிகினாவும் செவ்வந்தியும் தொங்குனா அவன் பந்தைப் பாப்பானா, பூவைப் பாப்பானா?"

எனக்கு என்ன தெரியும்? இருபது வருஷத்துக்கு மேலாக ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபங்களில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவள் நான். பெரிய சட்டத்தில் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால், என்னைப் பொறுத்தவரை அது மேடைக்குப் பின்னால் வைக்கிற திரை. செயலாளர் நமக்காகவே தயார் செய்து வைத்திருக்கிறார், தங்கமான மனுஷர் என்று வாழ்த்திக்கொண்டேதான் பூக்கட்டினேன். அடியில் சக்கரம் வேறு இருந்தது. வசதியாகப் போச்சு என்று நல்ல இடமாகப் பார்த்துக் கொஞ்சம் தள்ளியும் வைத்திருந்தேன்.

கல்யாண வேலை செய்கிறவளுக்குக் கிரிக்கெட் மைதானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் ஆடி மாதம் செய்கிற வேலை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. நம் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். என்னிடம் வேலை பார்க்கிற நான்கு பேருக்கும் அந்த மாதம் அடுப்பெரிவது கஷ்டம். ஒவ்வொரு ஆடியிலும் எங்கள் தொழிலிலிருந்து யாராவது திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவார்கள். போனவர்கள் ஆவணியில் திரும்புவதில்லை. அந்த வருஷம் என் மேஸ்திரி முருகேசனே வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

"யக்கா, மாசம் முச்சூடும் சும்மா இருக்க முடியாது. இந்தக் கிரவுண்டு வேலை அமைஞ்சா நாலு பேரும் இருக்கோம். இல்லன்னா நாளைக்கு பஸ் ஏறுதோம். கோவிச்சுக்கிடாதீக."

முருகேசன் இல்லாமல் எனக்குத் தொழில் இல்லை. நான் வாயால் சொல்வதை அவன்தான் நிற்க வைப்பான்.

பூவெல்லாம் அவிழ்த்து முடித்ததும் செயலாளர் வந்தார். பஞ்சு மில் வைத்திருப்பவர். ஆடி முழுக்க நடக்கிற அந்த வட்டார லீக்கை நடத்துகிறவர்களில் முக்கியமானவர். கத்தவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள சனங்க நின்னு போட்டோ எடுக்கிற மாதிரி ஒரு எடம் காட்டுங்கம்மா. போட்டோ நாலு பேரு போனுக்குப் போனாத்தான் நாளைக்கு நாப்பது பேரு வருவாக. இல்லன்னா மதுரை டெக்கரேஷன்காரங்களை வரச் சொல்லிருதேன்."

2. கிழக்கு பார்த்த மேடை

அடுத்து வாசல் பக்கம் மேடை போட்டோம். பெரிய சட்டத்தில் நீலத் திரை, வளைவு, பூ எல்லாம் வைத்தோம். மணமேடை கிழக்கு பார்த்து இருக்க வேண்டும் அல்லவா? கை பழகிப் போய், இதையும் கிழக்கு பார்த்தே நிறுத்தினேன். பின்னால் மேற்கே மலை, மலைமேல் மேகம். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அம்சமாக இருந்தது.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து காலேஜ் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு பெண் படம் எடுத்துவிட்டு என்னிடம் போனை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இதுல எங்க மூஞ்சியக் காணோம். கரிச்சட்டி மாதிரி இருக்கு."

சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் வெயில் அடித்தால் முகம் எப்படித் தெரியும்? மண்டபத்தில் நமக்கு லைட் உண்டு. இங்கே ஏது? நான் யோசித்து முடிப்பதற்குள் காற்று வந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் நீலத் திரை எம்மாத்திரம்? பாய்மரம் போலப் புடைத்து, மேடையோடு சாய்ந்தது. முருகேசன் ஓடிவந்து தோளைக் கொடுத்துப் பிடித்தான். பிடித்தவனையே நான் திட்டினேன்.

"ஏலே, கயித்த இறுக்கிக் கட்டத் தெரியாதா? எத்தனை வருசமா இந்த வேலை பாக்க?"

 எப்போதும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்கிறவன், அன்று சும்மா கயிற்றைச் சுருட்டினான். நாளைக்கே திருப்பூர் பஸ் ஏறிவிடுவானோ என்று நினைத்தேன்.

பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டார்கள். அம்பயர் மறுபடி என்னை நோக்கி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் அவர். இன்னும் என்ன பாக்கி இருக்கிறது திட்டுவதற்கு என்று நினைத்தேன்.

"காலைல கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்கம்மா. வாங்க, எங்க வைக்கலாம்னு காட்டுதேன்."

தனக்கு வந்த டீயைக்கூடக் குடிக்காமல் எல்லைக் கயிற்றை ஒட்டி என்னோடு ஒரு சுற்று நடந்தார். "ரெண்டு கோடியிலயும் இருக்கிற சைட் ஸ்கிரீனுக்கு நேரா மட்டும் எதுவும் வேண்டாம். பக்கவாட்டுல எங்க வேணாலும் வைங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். என்னால் ஆட்டத்தையே நிறுத்த வேண்டிவந்த மனுஷர் அவர். அந்த நடைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

3. துணி போன சட்டம்

ஆட்டம் மறுபடி தொடங்கியது. மேற்குப் பக்கக் கயிற்றோரம் ஓர் அம்மா மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, போனை நீட்டுவதும் குனிவதும் திரும்புவதுமாக இருந்தார்.

"என்னம்மா, சிக்னல் கிடைக்கலையா?"

"அதில்லக்கா. நமக்கு ஊரு தேவதானம். உள்ள மட்டை பிடிச்சிக்கிட்டு நிக்கது எம் பயதான். அவனும் நானும் ஒரே படத்துல விழ மாட்டேங்கோம். செத்த நேரம் மொகம் தெரியுது, பொறவு அந்தப் பக்கம் போயி முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கான்."

அப்போதுதான் நான் கூட்டத்தை ஒழுங்காகப் பார்த்தேன். இதென்ன பெரிய ஸ்டேடியமா? வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஆடுகிறவனின் அம்மா, மாமன், மச்சான், கூட மில்லில் ஷிப்ட் பார்க்கிறவன். எல்லாரும் அந்த அம்மா மாதிரியேதான் முதுகைத் திருப்பிப் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மலையும் வேண்டாம், என் பூவும் வேண்டாம். பின்னால் அவர்கள் வீட்டுப் பிள்ளை தெரிய வேண்டும். அதைத்தான் நான் காலையிலிருந்து துணி போட்டு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

"ஏலே முருகேசா, திரையைக் கழத்து. சட்டத்தை மட்டும் இங்கன தூக்கிட்டு வா."

"வெறும் சட்டத்தை வச்சு என்னக்கா செய்ய?"

"சொன்னதைச் செய்யிலே!"

மேற்குக் கயிற்றோரம் வெறும் சட்டத்தை நிறுத்தினோம். சுற்றிலும் காலையில் அவிழ்த்த செவ்வந்தி. முன்னால், மணமக்கள் ஏறுகிற இரண்டு படி. படியில் ஏறி மேற்கே பார்த்து நின்றால் முகத்தில் நல்ல வெயில், முதுகுக்குப் பின்னால் சட்டத்துக்குள் மொத்த ஆட்டமும் தெரிந்தது. காற்று அது பாட்டுக்கு உள்ளே புகுந்து போனது, சட்டம் அசையவில்லை. முதலில் தேவதானத்து அம்மாவைத்தான் ஏற்றினேன். மகன் இந்தப் பக்கம் முகம் காட்டும் வரை காத்திருந்து எடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இந்தா நிக்கான்!" என்று பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பிறகு வரிசை கட்டி வந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் ஓடி வந்தான்.

"யம்மா, ஒரே வேர்வை. மூஞ்சி கழுவிட்டு வாரேன்."

"வேர்வை இருக்கட்டும்லே, நில்லு!"

செயலாளர் தூரத்தில் நின்று வரிசையைப் பார்த்தார். போனை எடுத்தார். "மதுரைக்காரங்க வேண்டாம்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். காலையிலேயே என்னைத் துரத்தியிருக்கலாம், ஆனால் சாயங்காலம் வரை பொறுத்தார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மண்டபமோ மைதானமோ, வந்தவர்கள் எதைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதை மறைக்காத இடமாகப் பார்த்து ஏணியைச் சாத்துங்கள்.

கூட்டம் கலைந்ததும் முருகேசன் என் பக்கத்தில் வந்து நின்றான். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, காலைல வெயில் அந்தப் பக்கம்லா அடிக்கும். ஆட்டம் தொடங்க முன்ன சட்டத்தைக் கெழக்க கொண்டு போகணும். நாங்க நாலு பேரும் விடியவே வந்துருதோம், என்ன?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாங்கலே" என்று மட்டும் சொன்னேன்.