காசிம் பாயிடம் சிக்கிக்கொண்ட தம் டிரைவ்

காசிம் பாய் காலமான செய்தி என் கைப்பேசிக்கு வந்தபோது, அவரைக் கடிந்துகொள்வதற்காகவே ஜாலான் புசாரில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அங்கே அவருடைய கணினிக் கடையில் காத்திருந்து பழகியவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும்.

நான் மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் மாறி மாறி இருப்பவன். தமிழில் எழுத அவர்களுடைய கணினிகள்தான். தாத்தா தொட்டால் விசைப்பலகை மாறிவிடுகிறது என்று பேரப்பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். தம் டிரைவ் என்கிற விரலளவு சேமிப்பானில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால், எந்தக் கணினியில் செருகினாலும் அங்குள்ளதைத் தொடாமல் அதிலிருந்தே இயங்கும் என்றார் பாய். எவருக்கும் தொந்தரவில்லாமல் எனக்கென்று ஓர் இடம். நான் கேட்டது அவ்வளவே.

முதலில் போட்டுத் தந்தது சின்னது, வேகமானது. எனக்குப் பிடித்துவிட்டது. அவருக்குத்தான் பிடிக்கவில்லை.

“ஓடுது ஐயா, ஆனா பாக்க நல்லா இல்ல லா. குடுங்க, வேற போட்டுத் தர்றேன்.”

“அழகு எதுக்கு பாய்? தமிழ் எழுத வந்தா போதும்.”

“பொண்ணு பாக்கப் போனப்பவும் இதையேதான் சொல்லியிருப்பீங்க.”

அடுத்து வந்தது அழகுதான். மகளின் பழைய மடிக்கணினியில் அது திறப்பதற்குள் என் காப்பி ஆறிப்போனது. அதற்கடுத்ததில் வாசகர் வட்டத்துக்கான கட்டுரையை ஒரு பகல் முழுக்கத் தட்டினேன். அணைத்துத் திறந்தால் ஒன்றுமில்லை. பிழை என்னுடையதாக இருக்குமோ என்று தயங்கித் தயங்கித்தான் அவரிடம் கேட்டேன்.

“எழுதுறத சேமிக்க இடம் ஒதுக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது ஐயா. ஒரு தடவையாவது சத்தமா திட்டுங்களேன்!” என்று அவரே சத்தம் போட்டார்.

திட்டவில்லை. இன்னும் ஒரே ஒரு மாற்றம் என்று வாங்கி வைத்தவர், பல வாரங்கள் தரவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று, திட்டிவிடுவதென்றே கிளம்பியிருந்தேன்.

துக்கம் கேட்கப் போன வீட்டில் தம் டிரைவைப் பற்றி வாய் திறக்க எனக்குத் துணிவில்லை. அவர் மகனே கொண்டுவந்து கையில் வைத்தார். “அத்தா இத முடிச்சு உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாங்க.”

புக்கிட் மேராவில் மகன் வீட்டுக் கணினியில் செருகினேன். முதலில் தந்த அதே சின்ன லினக்ஸ்! எழுத்துகள் மட்டும் என் கண்ணுக்கேற்பப் பெரிதாக இருந்தன. தமிழ் விசைப்பலகை தயாராக நின்றது.

“இதுக்கா பாய் இத்தன நாள் இழுத்தடிச்சீங்க?” சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“யாரோட சண்ட போடுறீங்க மாமா?” என்றாள் மருமகள், அடுக்களையிலிருந்து.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்தத் தம் டிரைவும், அவர் கேட்டுக் கிடைக்காத அந்த ஒரு சத்தமும். இதை அதில்தான் எழுதினேன். அணைத்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் மறுபடி திறந்து பார்த்தேன்.

இருக்கிறது.